பெயர் வெட்டிய குழம்புச் சட்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று டயாலிசிஸ் மெஷின் நாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரி போய்த் திரும்பியதில் சந்தைக்குப் போக முடியவில்லை. வீட்டில் புடலங்காய் மட்டும் இருந்தது. நறுக்கி, கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டி, மறுபடி கொதிக்கவிட்டு, அதையும் கொட்டி, பிறகு மிஞ்சுவதுதான் அம்மாவுக்குக் கறி. உப்பு கிடையாது, புளி கிடையாது, தேங்காய் கிடையாது. அம்மாவுக்குச் சிறுநீரகம் நின்றுபோனபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நானும் அதோடு நின்றுவிட்டேன்.

அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "போன எடுட்டி" என்றாள்.

'ராத்திரி என்ன?' என்று ஒரு வாட்ஸ்ஆப் குழு. எங்கள் கோயில் பெண்கள்தான் எல்லோரும். தாராவி, செம்பூர், வாஷி என்று மும்பையில் எங்கெங்கோ இருக்கிறார்கள். சகாயராணி ஆன்ட்டி தொடங்கியது. எட்டு மணிக்குள் அவரவர் சமையலைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். அம்மா போடுவதில்லை, பார்ப்பாள். நான் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிக் காட்டுவேன். "மாங்கா போட்டுருக்கா. எண்ண மேல வர வர வத்த வச்சிருக்கா, பாரு." அவள் தொண்டை ஏறி இறங்கும். அதுதான் அவள் சாப்பாடு.

நான் அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. மீன்காரியிடம் விலை கேட்கவே எனக்கு வாய் வராது.

அப்பா ஒன்பது மணிக்கு வந்தார். சாப்பிடுறீங்களா என்றேன். பசி இல்லை.

பிப்ரவரி 12

அயிலை வாங்கிக் குழம்பு வைத்தேன். அப்பாவுக்குப் பசி இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பா ஓட்டுவது அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ். கடைசி டிரிப் ஏழு மணிக்கு முடிந்துவிடும். அங்கிருந்து தாராவி வர இரண்டு மணி நேரமா? டிராஃபிக் என்கிறார். இருக்கும். ஆனால் டிராஃபிக்கில் நின்றால் பசிக்கத்தானே செய்யும்?

முன்பு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மீன் என்றால் அப்பா முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் படுக்க வைப்பார். பெரியது முதலில், சிறியது கடைசியில். "வண்டியப் பார்க் பண்ணுதாரு" என்று அம்மா சிரிப்பாள்.

ஈஸ்டருக்காவது வீட்டில் சாப்பிடுங்கப்பா என்று கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "சாப்பிடாம எங்க போவேன், மக்கா" என்றார். அது போதும். என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதவா வேண்டாமா?

ரெபேக்கா ஆன்ட்டி போன மாதம்தான் குழுவுக்கு வந்தார். டிராம்பேயில், அப்பா பஸ் ஓட்டுகிற பக்கம், சீத்தா கேம்ப்பில் தனியாக இருக்கிறார். புருஷன் துபாய் போனவர் போனவர்தான். கோயில் பாட்டுக் குழுவில் நின்று பாடும்போது குரல் மட்டும் தனியாகக் கேட்கும். இன்று அவர் போட்டது வாவல் மீன் குழம்பு. படம் வந்ததும் அம்மாவுக்குக் காட்டுவதற்கு முன்னால் நான் பெரிதாக்கினேன்.

சட்டி எங்களுடையது.

எவர்சில்வர் குழம்புச் சட்டி. அம்மா கல்யாணத்துக்கு மாமா கொடுத்த சீர். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: த. ஜெயசீலி. 'சீ'யின் சுழி மட்டும் கோணலாக இருக்கும். வெட்டுகிறவன் கை நழுவிவிட்டது என்று அம்மா சொல்வாள். அந்தக் கோணல் சுழி படத்தில் அப்படியே தெரிகிறது.

தீபாவளிக்கு முன்னால் அந்தச் சட்டி காணாமல் போனது. டிப்போவில் ஒருத்தருக்குக் குழம்பு கொண்டு போனேன், டிரெயினில் விட்டுவிட்டேன் என்று அப்பா சொன்னார். பாத்திரம் தொலைந்தால் ஒரு வாரம் புலம்புகிற அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை.

சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. பாதி சாப்பிட்டது. தட்டின் ஓரத்தில் முள், வரிசையாக. பெரியது முதலில்.

நெட் இல்லம்மா என்று போனைத் திருப்பி வைத்துவிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காட்டு" என்றாள்.

பிப்ரவரி 21

அந்தப் படத்தை மட்டும் அழித்துவிட்டுக் காட்டினேன். அம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "ரெபேக்கா ஒண்ணும் போடலியா?" என்றாள்.

ஏன் அவரை மட்டும் கேட்டாள்?

பிப்ரவரி 26

இப்போது எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ரெபேக்கா ஆன்ட்டி இன்று செய்ததை நான் நாளைக்குச் செய்கிறேன், அதைவிட நன்றாக. அவர் சுறாப் புட்டு செய்தார். நான் சின்ன வெங்காயம் கூடுதலாகப் போட்டு, பூண்டைத் தட்டிப் போட்டு, இறக்கும்போது மிளகு தூவினேன். அப்பா ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். "உப்பு கொஞ்சம் முந்துது" என்றார். கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார்.

உப்பு முந்தவில்லை. நான் மூன்று தடவை பார்த்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஒரு சந்தி நோன்பு. குழுவில் எல்லோரும் கஞ்சி, துவையல். ரெபேக்கா ஆன்ட்டியும் கஞ்சிதான், எங்கள் சட்டியில். பக்கத்தில் இரண்டு கரண்டி.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே நிற்கும்போது சகாயராணி ஆன்ட்டி என் தாடையைப் பிடித்துத் தூக்கினார். சுற்றி நாலைந்து பெண்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். தலையாட்டினேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

"சாப்பிடாம என்ன? ஆளு ஒரு சுத்து பருத்துல்லா போயிட்டாரு" என்றார். "டிராம்பே காத்து சிலருக்கு நல்லாப் பிடிச்சுக்கிடும்."

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ரெபேக்கா ஆன்ட்டி தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் — நானும் சிரித்துவிட்டேன். பழக்கம். நாலு வயதிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துத் தொலைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 15

அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியக்கூடாது. இது மட்டும் போதும் ஆண்டவரே.

மார்ச் 27, வியாழன்

இன்று குழுவில்:

ரெபேக்கா ஆன்ட்டி நண்டு மசாலா போட்டார். கீழே ஒருத்தி, "எங்களுக்கெல்லாம் பார்சல் கிடையாதா?" என்று கேட்டாள். சகாயராணி ஆன்ட்டி எழுதினார்: "பார்சல் எல்லாம் பஸ்லயே போயிருது." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். வாயைப் பொத்திச் சிரிப்பது, கண்ணில் தண்ணி வரச் சிரிப்பது.

அம்மா பெயர் அந்தக் குழுவில் இருக்கிறது என்று தெரிந்துதானே எழுதுகிறார்கள்? அவள் பார்ப்பாள் என்று தெரிந்துதானே?

அழிப்பதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். நண்டை மட்டும் பெரிதாக்கினாள். கீழே எழுதியதைப் படித்த மாதிரியே இல்லை. "ஓடு ஒடைக்காம போட்டுருக்கா. மசாலா உள்ள ஏறாது" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

குழுவில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ரெபேக்கா ஆன்ட்டி கருவாட்டுக் குழம்பு போட்டார். எங்கள் சட்டி. பெயர் நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்றே வைத்தது போல. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.

"இது எங்கள் வீட்டுச் சட்டி. பெயர் பார்க்கவும். திருப்பித் தரவும்."

பள்ளிக்கூடத்தில்கூட நான் கையைத் தூக்கிப் பேசியதில்லை. இன்று முப்பது பேருக்கு முன்னால் பேசிவிட்டேன். யாரும் பதில் எழுதவில்லை. பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிகிறது. பயமாகவும் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

ஏப்ரல் 3

நான் ஒரு முட்டாள்.

போன் அம்மாவுடையது. நம்பர் அம்மாவுடையது. அது நான் எழுதியதாகப் போகவில்லை. ஜெயசீலி எழுதியதாகப் போயிருக்கிறது. படுக்கையில் கிடக்கிறவள் ஒரு சட்டிக்காகச் சண்டை போட்டாள் என்று பேசுகிறார்கள். புருஷனைக் கேட்கத் துப்பில்லை, பாத்திரத்தைக் கேட்கிறாளாம். பைப்படியிலேயே என் காதுபடச் சொன்னார்கள்.

காலையில் பார்த்தால் குழுவிலிருந்து அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஏழரைக்கு அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். மேலும் கீழும் தள்ளினாள். புதிதாக ஒரு படமும் வரவில்லை. கடைசியில் என் எழுத்து மட்டும் இருந்தது. படித்தாள்.

"நீயாட்டி எழுதுன?"

ஆமாம் என்றேன்.

"எஞ் சோத்தப் பிடுங்கிட்டியேட்டி" என்றாள். "ஒரு நாளைக்கி ஒரு மணி நேரம். அதயும் பிடுங்கிட்டியே."

கத்தவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கொண்டுபோன சுரைக்காயை அப்படியே கீழே கவிழ்த்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சகாயராணி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார். அம்மாவை மறுபடி சேர்த்துவிடுங்கள் என்று கேட்டேன். எழுதியது நான்தான், அம்மா இல்லை, ஸாரி என்று சொன்னேன். இவ்வளவையும் முழுதாகச் சொல்லிவிட்டேன், திக்காமல்.

ஆன்ட்டி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெபேக்காவ குரூப்புல சேருங்கன்னு சொன்னதே ஒங்கம்மாதான். ஒங்கப்பா ராத்திரி அங்க என்ன திங்காருன்னு பாக்கணும்னு சொன்னா. நான் முடியாதுன்னேன். அழுதா, சேத்தேன். இப்ப நீ வந்து சட்டியக் குடு, பொட்டியக் குடுன்னு நிக்க. காலிபீலி, சும்மா கெடந்த எனக்குக் கெட்ட பேரு. போ பிள்ள."

பாலத்தில் வரும்போது ரயில் போயிற்று, வந்தது, போயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். எம்மா, ஒனக்குத் தெரியுமா? எம்புட்டு நாளா?

"சட்டிய ட்ரெயின்ல விட்டுட்டாருன்னு நீ நம்புனியாக்கும்" என்றாள் அம்மா. "நாந்தான் குடுத்து விட்டேன். கறி வச்சு, மூடி போட்டு, அவ வீட்டுக்கே குடுத்து விட்டேன். தெனமும் எம்பேரத் தேய்க்கட்டும். தேய்க்கத் தேய்க்க அவளுக்கு நெனப்பு வரும்லா, இது யாரு வீட்டுச் சோறுன்னு. அப்படி வச்சிருந்தேன். நீ போய் கேட்டு வாங்குத."

அப்படியானால் நான் தினமும் செய்தது? சுறாப் புட்டு, அயிலை, மிளகு? அப்பா திரும்பி வருவார் என்று? அம்மா, நீ அதைப் பார்த்துக்கொண்டேதானே படுத்திருந்தாய்?

கேட்டேன். "ஒங் கையில அம்புட்டு ருசி இருந்தா அவரு ஏன் அங்க போறாரு" என்றாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் கஞ்சி ஊற்றினார்கள். ரெபேக்கா ஆன்ட்டி கரண்டி பிடித்தார். என் முறை வந்தபோது ஓரமாக ஒரு மாங்காய்த் துண்டும் வைத்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காலை பூசைக்குப் போகாமல் சமைத்தேன். மட்டன் குழம்பு, தேங்காய்ப்பால் விட்டு. இடியாப்பம். அப்பாவுக்குப் பிடித்த ஈரல் வறுவல். அம்மாவுக்குத் தனியாக உப்பில்லாத சோறும் வெள்ளைப் பூசணியும். பாய் விரித்து மூன்று தட்டு வைத்தேன்.

அப்பா இரண்டு மணிக்கு வந்தார். கையில் பை. அதற்குள் சட்டி. துடைத்துப் பளபளவென்று இருந்தது, மூடி வரைக்கும். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது அல்லவா. ரெபேக்கா ஆன்ட்டி மட்டன் குழம்பு ரொப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "கேட்டீங்களாம்லா, இந்தா" என்று பாயில் வைத்தார். அங்கே சாப்பிட்டாயிற்று. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். என் இடியாப்பத்தின் மேல் ஈரத்துணி போட்டபடியே இருந்தது.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். மணம் வந்தது. கசகசா அரைத்துவிட்டிருக்கிறார், எனக்கு அது தோன்றவில்லை.

"ஊத்துட்டி" என்றாள்.

கூடாது என்று எனக்குத் தெரியும். உப்பு, தேங்காய், எல்லாம் கூடாது. டாக்டர் அம்மாவிடம் சொன்னதைவிட என்னிடம்தான் அதிகம் சொல்லியிருக்கிறார். ஒரு கரண்டி ஊற்றினேன். தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு எலும்பை உறிஞ்சினாள். இரண்டாவது கரண்டி அவள் கேட்கவில்லை. நானாக ஊற்றினேன். மூன்றாவதும். ஒங் கையில ருசி இல்லை என்று சொன்ன வாய் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போதும் என்று சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை.

பிறகு தண்ணீர் கேட்டாள். டாக்டர் சொன்ன அளவு டம்ளரை எடுக்காமல் செம்போடு கொடுத்தேன்.

ஏப்ரல் 21

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. டாக்ஸி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷைஸ்தா அக்கா ரிக்ஷா பிடித்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

பிழைத்துவிட்டாள். இரண்டு நாள் தொடர்ந்து மெஷினில் போட்டார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மாதான் பதில் சொன்னாள், மூக்கில் குழாயோடு.

"இவதான் ஊத்துனா. மூணு கரண்டி. நான் ஒண்ணுதான் கேட்டேன்."

பொய் இல்லை.

பிறகு அப்பாவிடம் சொன்னாள். மெதுவாக, ஆனால் நான் நிற்கிறேன் என்று தெரிந்தே சொன்னாள்: "அவளயே வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஒளிச்சு ஒளிச்சு எதுக்குத் திங்கணும்? இவ கையில என்னை விட்டா கொன்னுருவா."

அப்போது அப்பா முகத்தில் நான் பார்த்தது துக்கம் இல்லை. அதை வேறு எதுவாக நினைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

ரெபேக்கா ஆன்ட்டி வந்துவிட்டார். ஒரு பெட்டி, ஒரு மிக்ஸி. அம்மாவுக்குத் தங்கச்சி மாதிரி உதவிக்கு வந்திருப்பதாகக் கோயிலில் சொல்லிக்கொள்வார்களாம். யார் நம்புவார்கள்? நம்ப வேண்டும் என்று யாருக்கும் இல்லை.

அம்மா கட்டிலிலிருந்து சொல்கிறாள், அவர் செய்கிறார். தண்ணியக் கொட்டு. மறுபடி வேக வை. கொட்டு. சட்டிய நல்லாத் தேய், விளிம்புல அழுக்கு இருக்கு பாரு. அவர் சரிக்கா, சரிக்கா என்று தேய்க்கிறார். அம்மாவுக்கு முகம் தெளிந்திருக்கிறது.

மே 11

"ஒரு அடுப்புக்கு ரெண்டு பொம்பள எதுக்கு" என்றாள் அம்மா. சகாயராணி ஆன்ட்டியின் மகள் ஏஞ்சலினுக்கு வாஷியில் குழந்தை பிறந்திருக்கிறது. சமைக்க ஆள் வேண்டுமாம். அங்கேயே தங்க வேண்டும்.

படிப்பைத் தொடரலாமா என்று நான் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.

மே 13

பையில் இரண்டு சுடிதார், இந்த நோட்டு. அப்பா குர்லா ஸ்டேஷன் வரை வந்தார். வாஷி போகிற ஹார்பர் லைன் ரயிலில் ஏற்றிவிட்டு, "நல்லாச் சாப்பிடு மக்கா" என்றார்.

ஜூன் 14, சனி

மழை. ஏஞ்சலின் அக்கா பழைய போன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இன்று சகாயராணி ஆன்ட்டி என்னையும் குழுவில் சேர்த்துவிட்டார். "நீயும் இப்ப ஒரு வீட்டுக்குச் சமைக்கிறவதான" என்று எழுதி, பூ போட்டிருந்தார்.

ஏழரைக்கு வேலை எல்லாம் முடிந்துவிட்டது. அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். படங்கள் வர ஆரம்பித்தன. பருப்பு, சப்பாத்தி, கோழி. அம்மாவின் நம்பரிலிருந்தும் ஒன்று வந்தது. அவளையும் மறுபடி சேர்த்துவிட்டார்கள் போல.

எங்கள் வீடு. எங்கள் பாய். விளை மீன் குழம்பு. சட்டியைப் பெயர் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார்கள். விரலால் பெரிதாக்கினேன். கோணல் சுழி. தேய்த்துத் தேய்த்து அதுதான் முதலில் மங்கியிருக்கிறது. மூன்று தட்டு. ஒன்றில் வெள்ளையாக ஏதோ, அது அம்மாவுடையது. ஒன்றில் இன்னும் சோறு போடவில்லை. மூன்றாவதில் முள், ஓரத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. பெரியது முதலில், சிறியது கடைசியில்.

அப்பா வீட்டில் சாப்பிடுகிறார்.

கீழே எல்லோரும் கை தட்டியிருந்தார்கள். நானும் தட்டினேன். அந்தப் படத்தை நகர்த்தி, சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். குழம்பு நல்ல சிவப்பு. வெந்தயம் தாளித்திருக்கிறார். எண்ணெய் மேலே வந்திருக்கிறது. என் தொண்டை ஏறி இறங்கியது.

ஏஞ்சலின் அக்கா உள்ளிருந்து, தட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடு என்றார்.

பசி இல்லை என்றேன்.